முக்கியமான கடிதம் மட்டும் காணோம்

"சர்வர் பார்க்க வந்திருக்கோம்" என்றாள் பட்டாசு.

பொத்தான் கம்பெனி முதலாளி அவளை மேலும் கீழும் பார்த்தார். "கேன்டீனுக்கு ஆள் வேணும்னு நான் யார்கிட்டயும் சொல்லலையே?"

"அந்த சர்வர் இல்லீங்க. அது காபியாவது கொண்டு வரும். இது மெயில்கூடக் கொண்டு வரலைன்னு நீங்கதான் போன் பண்ணீங்க."

முதலாளியின் முகம் மாறியது. "அடடே! நீங்கதானா? ஒருத்தர்தான் வருவாங்கன்னு நினைச்சேன்."

"வேலை பார்க்கறது எங்க அண்ணி. பேசறது நான். ரெண்டுக்கும் ஒரே கூலி."

பின்னால் நின்ற அண்ணி லேசாகத் தலையசைத்தாள். தலைமுடியில் செருகிய பென்சில், தோளில் கறுப்புப் பை. சின்னச் சின்னக் கம்பெனிகளில் படுத்துக்கொண்ட லினக்ஸ் சர்வர் கம்ப்யூட்டர்களை எழுப்பி உட்காரவைப்பது அவள் தொழில். ஆனால் அவள் அதைப் பழுது பார்ப்பதாக நினைத்ததே கிடையாது. மெஷின் பொய் சொல்லாது, பக்கத்தில் நிற்கும் மனிதர்களில் யாரோ ஒருவர் முழுசாகச் சொல்லவில்லை என்பது அவள் கட்சி. அதனால் எந்தக் கம்பெனிக்குப் போனாலும் திருட்டு நடந்த வீட்டுக்குள் நுழைவதுபோலத்தான் நுழைவாள்.

பட்டாசு அவளுடைய நாத்தனார். சொந்தப் பெயர் பள்ளிச் சான்றிதழில் மட்டும் பத்திரமாக இருந்தது. போன வருஷம் வரை ஒரு ஆபீசில் போன் எடுத்துப் பேசும் வேலை. வாடிக்கையாளர் ஒருவர் சொன்ன புகாரை அப்படியே மேலே சொன்னதற்கு, மேனேஜர் எல்லார் முன்னாலும் அவளைப் பொய்க்காரி என்றார். மறுநாள் அவள் வேலைக்குப் போகவில்லை. நாத்தனார் வாய்க்குப் பயந்து ஓடும் அண்ணிகளைத்தான் உலகம் பார்த்திருக்கிறது. இந்த அண்ணி அந்த வாயைத் தொழிலுக்கு முதலாக்கிக்கொண்டாள்.

மணி பதினொன்றே முக்கால். முதலாளியின் கண்ணாடி அறைக்கு வெளியே நீளமான கூடம். வரிசையாக மெஷின்கள் பொத்தான்களைத் துப்பிக்கொண்டிருந்தன. பெரிய ராட்சசன் ஒருவன் உட்கார்ந்து சோழி குலுக்குகிறாற்போல இடைவிடாத சத்தம்.

"ஒரு மாசத்துல மூணு கடிதம் போச்சு" என்றார் முதலாளி, சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி. "மத்ததெல்லாம் வருது. மை விக்கிறவன் மெயில் வருது, லாட்டரி விழுந்திருக்குன்னு வருது. வாழ்த்து அட்டை வருது. நான் வாசல்ல நின்னு எதிர்பார்க்கற கடிதம் மட்டும் வராது. வெண்ணெய் திரண்டு வரும்போதெல்லாம் தாழி உடையுது."

"முக்கியமான கடிதம் மட்டும்" என்றாள் அண்ணி.

"முக்கியமான கடிதம் மட்டும்! இன்னிக்கு நாலாவது. பள்ளிச் சீருடை தைக்கற பெரிய கம்பெனி. ஒரு வருஷத்துக்கு வேண்டிய பட்டன் மொத்தமும் எங்ககிட்டயே வாங்கறதாப் பேச்சு. எத்தனை, என்ன கலர்னு கடைசிப் பட்டியலை மெயில்ல அனுப்பறேன், மூணு மணிக்குள்ள சம்மதம்னு பதில் போடுங்க, இல்லேன்னா அடுத்த ஆளுக்குப் போயிடும்னாரு. பதினொரு மணிக்கு போன் பண்ணி 'அனுப்பிட்டேன்'னு சொல்லிட்டு விமானம் ஏறிட்டாரு. போன் அணைஞ்சாச்சு. அவர் ஆபீஸ்ல கேட்டா, அது அவர் சொந்தப் பெட்டியில இருக்கு, நாங்க தொட முடியாதுங்கறாங்க." நெற்றியைத் துடைத்துக்கொண்டார். "இது கைவிட்டுப் போச்சுன்னா பாதி மெஷினை நிறுத்தணும். வெளிய முப்பத்தோரு பேர் நிக்கறாங்க, பாருங்க."

அண்ணி வெளியே பார்க்கவில்லை. "பிரிக்காத கடிதம் முக்கியமானதுன்னு பெட்டிக்கு எப்படிங்க தெரியும்?"

"பெட்டிக்குத் தெரியாது. ஆளுக்குத் தெரியும்."

அவர் கண் போன திசையில், கூடத்தின் மூலையில் ஒரு மேஜை. அதன் முன்னால் நாற்பது வயதைத் தாண்டிய ஒரு பெண் நிமிர்ந்து உட்கார்ந்து கம்ப்யூட்டர் திரையை வெறித்துக்கொண்டிருந்தாள். கம்பெனிக்கு வரும் கடிதங்கள் எல்லாம் அவள் பெட்டியில்தான் விழும். பிரித்துப் பார்த்து, பதில் போட்டு, உரியவரிடம் சேர்ப்பது அவள் வேலை. எல்லோருக்கும் அவள் தபால் அக்கா.

"இன்னிக்குச் சாயங்காலத்தோட வீட்டுக்குப் போகச் சொல்லிட்டேன்" என்றார் முதலாளி. சொன்னபோது அவர் குரல் ஒரு படி கீழே இறங்கியது.

"அதோட அந்த ஓட்டைப் பெட்டியையும் தூக்கிக் குப்பையில போடுங்க அத்தான்" என்று ஒரு குரல் குறுக்கே வந்தது. இறுக்கமான டை கட்டிய ஓர் ஆள், முதலாளியின் மச்சினன், வாசலில் சாய்ந்து நின்றான். "வெளிக் கம்பெனி ஒண்ணு மாசாமாசம் மெயிலைப் பார்த்துக்கும். நான் எப்பவோ சொல்லிட்டேன். கேட்டாத்தானே?"

பட்டாசு அண்ணியின் காதருகே குனிந்தாள். "ஆள் கிடைச்சாச்சு. வாங்க, வீட்டுக்குப் போலாம்."

"டை கட்டினவன் எல்லாம் திருடன்னா உங்க அண்ணன் கல்யாணப் போட்டோவை என்ன பண்றது?" என்றாள் அண்ணி, உதடு அசையாமல்.

மூலை மேஜைக்குப் போன அவர்களைத் தபால் அக்கா உட்காரச் சொல்லவில்லை. "என் பையைக் காலையிலேயே சோதிச்சாச்சு" என்றாள். "மறுபடியும் சோதிக்கணுமா?"

"மெயிலைப் பையில போட்டா எடுத்துட்டுப் போக முடியும்?" என்றாள் பட்டாசு.

"அதைத்தான் நானும் கேட்டேன். ஏதாவது பென்-டிரைவ் இருக்கான்னு பார்த்தாங்களாம். ஒரு சீப்பும் மாத்திரை டப்பாவும் இருந்துச்சு. எல்லாரும் பார்த்தாங்க."

எல்லார் முன்னாலும் என்பது எவ்வளவு பெரிய கூட்டம் என்று பட்டாசுக்குத் தெரியும்.

அண்ணி ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "அந்தக் கடிதங்கள் வரப்போகுதுன்னு யாருக்கெல்லாம் தெரியும்க்கா?"

"யாருக்குத் தெரியாது? முதலாளி ஒண்ணை எதிர்பார்த்தா அன்னிக்குப் பூரா கூண்டுப் புலிதான். 'வந்துச்சா, வந்துச்சா'ன்னு கேக்கற சத்தம் மெஷின் சத்தத்தையும் தாண்டும். நானும் கண்ணை எடுக்காம திரையையே பார்த்துட்டு இருப்பேன். வராது."

"சர்வர் ரூம் சாவி உங்ககிட்ட இருக்கா?"

"என்கிட்டயா? அது ரெண்டே ரெண்டு. ஒண்ணு முதலாளிகிட்ட, ஒண்ணு மச்சினர்கிட்ட. நான் அந்த ரூமுக்குள்ள போயே வருஷம் ரெண்டாச்சு."

முதலாளி கதவைத் திறந்துவிட்டுப் போனார். இழுத்துச் சாத்தினால் தானே பூட்டிக்கொள்ளும் கதவு. கம்பெனியிலேயே ஏசி ஓடும் ஒரே அறை. ஒருபக்கம் கூரை வரை அட்டைப்பெட்டிகள், மேலே 'மாதிரி, நாலு துளை', 'மாதிரி, ரெண்டு துளை' என்று எழுதியிருந்தது. மறுபக்கம் ஒரு மேஜையில் பழைய சர்வர், கரகரத்துக்கொண்டு. அதன் வயர் நேராகச் சுவர் சுவிட்சுக்குப் போனது.

அண்ணி கீபோர்டை இழுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். திரையில் எழுத்துகள் எறும்புச் சாரியாக ஓடின.

"இது என்ன அண்ணி?"

"நாட்குறிப்பு. யார் வந்தாங்க, யார் போனாங்க, என்ன நடந்துச்சுன்னு சர்வர் தானே எழுதி வெச்சுக்கும். மனுஷங்க எழுதற டைரி மாதிரி இல்லை. அடிச்சுத் திருத்தாது."

முக்கால் மணி நேரம் அவள் பேசவில்லை. பட்டாசு அட்டைப்பெட்டிகளில் இருந்த எழுத்துகளை மூன்றுமுறை படித்து முடித்தாள். ஒரு பெட்டியைத் திறந்து பொத்தான் ஒன்றை எடுத்துக் கண்ணில் வைத்து அதன் துளை வழியே அண்ணியைப் பார்த்தாள். அப்போது அண்ணி தலையிலிருந்து பென்சிலை உருவினாள். பட்டாசு பொத்தானைக் கீழே போட்டாள். பென்சில் கீழே இறங்கினால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம்.

"இந்த வரியைப் பாரு. இன்னிக்குக் காலையில பத்து அம்பது. முறையா நிறுத்தச் சொன்னா 'நான் போயிட்டு வரேன்'னு ஒரு வரி எழுதிட்டுத்தான் சர்வர் படுக்கும். இங்க அந்த வரி இல்லை. பேசிக்கிட்டு இருக்கும்போதே யாரோ வாயைப் பொத்தியிருக்காங்க."

"எங்கண்ணன் என்னைப் பண்ற மாதிரி."

"சுவர் சுவிட்சை அணைச்சிருக்காங்க. உடனே போட்டும் இருக்காங்க. இப்ப அடுத்த வரியோட தேதியைப் பாரு."

பட்டாசு பார்த்தாள். மறுபடி பார்த்தாள். "ஜனவரி ஒண்ணா? அதுவும்... பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னாடி!"

"பன்னிரண்டு மணி வரைக்கும் அந்த ஜனவரி ஒண்ணுதான். அப்புறம் சட்டுனு இன்னிக்குத் தேதிக்கு வந்துடுது. மூணு மணி நேரத்துக்கு ஒருதரம் வெளிய இருக்கற பெரிய கடிகாரம் ஒண்ணு இதுக்கு நேரம் சொல்லித் திருத்தும். ஒம்போதுக்குச் சொல்லிச்சு. அடுத்தது பன்னிரண்டுக்கு. நடுவுல பத்து அம்பதுக்கு யாரோ அணைச்சாங்க. எழுந்ததும் இதுக்கு என்ன வருஷம்னே தெரியலை."

"ஏன் தெரியலை? என் போனை அணைச்சுப் போட்டா தேதி சரியாத்தானே இருக்கு?"

அண்ணி சர்வரின் பக்கத்து மூடியைக் கழற்றி, டார்ச் அடித்தாள். உள்ளே மதர்போர்டில் வட்டமாக, வெள்ளியாக, ஒரு ரூபாய் நாணயம் அளவில் ஒன்று பளபளத்தது. மீட்டரின் இரண்டு முனைகளை அதில் வைத்தாள். முள் அசையவேயில்லை.

"கரண்ட் இல்லாதப்ப நேரத்தை ஞாபகம் வெச்சுக்கறது இதோட வேலை. செத்துப் போச்சு. இதுக்குப் பேர் என்ன தெரியுமா? பட்டன் பேட்டரி."

பட்டாசு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "கூடை கூடையா பட்டன் செய்யற கம்பெனி, ஒரே ஒரு பட்டன் இல்லாம கவுந்துதா!"

"இன்னும் கவிழலை. யோசி. அந்த ஒரு மணி நேரத்துல ஒரு கடிதம் வந்தா, சர்வர் அதுக்கு என்ன தேதி போடும்?"

"பன்னிரண்டு வருஷத்துக்கு முந்தின தேதி... அப்படின்னா..." பட்டாசின் கண் விரிந்தது. "பெட்டியில மேல வராது! பழைய கடிதங்களோட அடியில போய் உட்காரும். பிறக்கும்போதே கிழவன்!"

"அக்கா மேலேயே பார்த்துட்டு இருந்தாங்க. அது அவங்க காலடியில கிடந்தது."

"அப்ப போன மூணு கடிதமும் அடியில இருக்கணுமே?"

"இருக்கணும்." அண்ணி பென்சிலைக் கடித்தாள். "அது ஏன் இல்லேன்னுதான்..." அவள் கை கீபோர்டில் ஓடியது. சர்வர் தினமும் தானாகச் செய்யவேண்டிய வேலைகளின் பட்டியல் திரையில் வந்தது. மூன்றாவது வரியில் அவள் விரல் நின்றது. "முன்னாடி இருந்த ஆள் ஒரு துப்புரவு வேலை போட்டு வெச்சிருக்கான். அஞ்சு வருஷத்துக்கு மேல பழசான கடிதம் எல்லாத்தையும் அழி. தினமும், எல்லாரும் சாப்பிடப் போற நேரத்துல."

"எத்தனை மணிக்கு?"

"ஒண்ணு."

இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திரையின் ஓரத்தைப் பார்த்தார்கள். பன்னிரண்டு ஐம்பத்தெட்டு.

அண்ணியின் விரல்கள் பறந்தன. கடவுச்சொல் தப்பாகிவிட்டது. மறுபடி அடித்தாள். "அண்ணி, சுவிட்சை அணைச்சுடவா?" என்று பட்டாசு கையை நீட்டினாள்.

"தொட்டே, கையை ஒடிச்சுடுவேன்!"

பன்னிரண்டு ஐம்பத்தொன்பது. அண்ணி அந்த மூன்றாவது வரியின் தலையில் ஒரே ஒரு குறி போட்டாள். குறி போட்ட வரியை சர்வர் வெறும் குறிப்பு என்று எடுத்துக்கொண்டு தாண்டிப் போய்விடும். சேமித்தாள். வெளியே சாப்பாட்டுச் சங்கு ஊதியது. மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. அறையில் சர்வரின் கரகரப்பு மட்டும். ஒன்று. ஒன்று தாண்டி ஒரு நிமிஷம்.

அண்ணி தபால் அக்காவின் பெட்டியைத் திறந்து, அடிமட்டத்துக்குப் போனாள். ஜனவரி ஒன்று என்ற தேதியில் ஏழு கடிதங்கள் கிடந்தன. மை விளம்பரம் ஒன்று. லாட்டரி இரண்டு. வாழ்த்து அட்டை ஒன்று. ஐந்தாவதாக, சீருடைக் கம்பெனியின் கடைசிப் பட்டியல், நலுங்காமல்.

பட்டாசு அலற வாயைத் திறந்தாள். அண்ணியின் உள்ளங்கை அதை அடைத்தது.

"கொஞ்ச நேரம் நீ இதைப் பத்திப் பேசக் கூடாது."

"அதுக்கு பதிலா இந்த சர்வரைத் தலையில தூக்கிட்டு ஓடச் சொல்லுங்க, ஓடறேன்" என்றாள் பட்டாசு விரல்களுக்கு நடுவிலிருந்து. "ஏன் பேசக் கூடாது?"

"கடிதம் கிடைச்சதும் எல்லாரும் சந்தோஷமாக் கை தட்டுவாங்க. அப்புறம் ஒருத்தர் சொல்லுவாரு, 'இவளே ஒளிச்சு வெச்சிருந்தா, இவங்க வந்ததும் பயந்து விட்டுட்டா'ன்னு. அந்தக்கா மேல இருக்கற கறை போகணும்னா, சுவிட்சுல கை வெச்ச ஆள் வெளிய வரணும். மூணு மணிக்கு இன்னும் நேரம் இருக்கு."

"ஆள்தான் தெரியுமே. சாவி வெச்சிருக்கான். பெட்டியைத் தூக்கிப் போடணும்ங்கறான். டை வேற. தோத்தவங்க ஒரு வாரம் பாத்திரம் தேய்க்கணும், பந்தயம்."

"பந்தயம்" என்றாள் அண்ணி. ஆனால் யார் பெயரையும் சொல்லவில்லை.

கூடத்தில் சாப்பாட்டு டப்பாக்கள் திறந்துகொண்டிருந்தன. பட்டாசு நடுவில் போய் நின்று, முதலாளி அறைக்கும் மூலை மேஜைக்கும் சேர்த்துக் கேட்கிறமாதிரி அறிவித்தாள். "சீருடைக் கம்பெனி கடிதம் வழியில இருக்காம்! எந்த நிமிஷமும் வரலாம். மெயில்தான் கொஞ்சம் மந்தமா இருக்கு. ஒரு வயர் வேணும், நாங்க கடைக்குப் போயிட்டு அரை மணியில வந்துடறோம்!"

வாசலில் ஸ்கூட்டரை உறுமவிட்டுத் தெரு முனை வரை ஓட்டினாள். அங்கேயே நிறுத்திவிட்டு, சரக்கு ஏற்றும் பின்பக்கக் கதவு வழியாகக் குனிந்து ஓடிவந்தாள். சர்வர் அறைக்குள் இருந்த அண்ணி கதவைத் திறந்து விட்டாள். இரண்டு பேரும் அட்டைப்பெட்டிகளுக்குப் பின்னால் மடங்கி உட்கார்ந்தார்கள்.

ஐந்து நிமிஷம். பூட்டில் சாவி நுழையும் சத்தம். கதவு திறந்தது. டை தெரிந்தது.

பட்டாசு அண்ணியின் தொடையைக் கிள்ளினாள்: பாத்திரம்!

மச்சினன் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தான். மெதுவாகக் கதவைச் சாத்தினான். சுவரை நோக்கி நடந்தான். சுவிட்சைத் தாண்டினான். ஏசிக்கு நேர் கீழே நின்று டையைத் தளர்த்தினான். ஷூவைக் கழற்றினான், சாக்ஸைக் கழற்றினான். ஒற்றைக் காலில் நின்று, மற்றக் காலை ஏசிக் காற்றில் நீட்டிக் கண்ணை மூடினான். "அப்பாடா" என்றான். பிறகு கால் மாற்றினான். மூன்று நிமிஷம் இந்தத் தவம் நடந்தது. மறுபடி எல்லாவற்றையும் மாட்டிக்கொண்டு, டையை இறுக்கி, வெளியே போய்விட்டான். சர்வர் இருந்த பக்கம் அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சாக்ஸ் வாசனையில நான் செத்துட்டேன்" என்று கிசுகிசுத்தாள் பட்டாசு. "அவன் இல்லைன்னா, அப்ப யாரு? இன்னொரு சாவி..."

அவள் முடிக்கவில்லை. பூட்டு மறுபடி கிளிக்கென்றது.

முதலாளி வந்தார். பெரிய எட்டுகளில் சர்வர் முன்னால் வந்து நின்றார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சர்வரின் தலையில் இரண்டு தட்டுத் தட்டினார். "தூங்குமூஞ்சி எருமை! வழியில இருக்குதாம், வழியில. இரு, உன்னை எழுப்பறேன்." சுவர் சுவிட்சை நோக்கிக் கையைக் கொண்டுபோனார்.

"முதலாளி, கையை எடுங்க!"

பட்டாசு எழுந்த வேகத்தில் மேலே இருந்த பெட்டி சரிந்தது. அது பக்கத்துப் பெட்டியைத் தள்ளியது. நாலு துளையும் ரெண்டு துளையுமாகப் பொத்தான்கள் மழையாகக் கொட்டின. முதலாளி பின்னால் ஓர் அடி வைத்தார், கால் வழுக்கியது, பொத்தான் குவியலில் சிம்மாசனத்தில் அமர்வதுபோல உட்கார்ந்தார். சத்தம் கேட்டு வாசலில் கூட்டம் கூடியது.

"என்னங்க இது, கடைக்குப் போறேன்னுட்டு..." என்றார் முதலாளி.

அண்ணி தலையில் விழுந்திருந்த ஒரு பச்சைப் பொத்தானை எடுத்துக் கீழே போட்டாள். "காலையில பத்து அம்பதுக்கு இங்க வந்தீங்களா?"

"வந்தேன். அதுக்கென்ன? முன்னாடி இருந்த ஆள் சொல்லியிருக்கான், மெயில் மந்தமா இருந்தா ஒருதரம் அணைச்சுப் போட்டாச் சரியாயிடும்னு. என் சர்வர், என் சுவிட்சு."

"தினமும் அணைப்பீங்களா?"

"தினமும் எதுக்கு? ஏதாவது முக்கியமான கடிதம் வரவேண்டிய அன்னிக்கு எனக்கு இருப்புக் கொள்ளாது. அப்பத்தான் வந்து ஒரு..."

முதலாளி அங்கேயே நிறுத்திக்கொண்டார். கையில் அள்ளியிருந்த பொத்தான்கள் விரலிடுக்கு வழியே ஒவ்வொன்றாக விழுந்தன.

"அதான்" என்றாள் அண்ணி. "முக்கியமான கடிதம் மட்டும்." செத்துப்போன பேட்டரி, கிழடாகிப்போன தேதி, ஒரு மணித் துப்புரவு மூன்றையும் நாலே வாக்கியத்தில் சொன்னாள். "கடிதத்தை அழிச்சது துப்புரவு வேலை. அதுகிட்ட கொண்டுபோய் விட்டது நீங்க. மத்தக் கடிதங்களை நீங்க எதிர்பார்க்கலை, அதனால அதெல்லாம் பத்திரமா வந்து சேர்ந்துது."

"வேலியே பயிரை மேய்ஞ்சிருக்கு" என்று கூட்டத்தில் யாரோ சொன்னார்கள். யாரும் சிரிக்கவில்லை.

"அப்ப இன்னிக்கு வந்தது?" முதலாளி பொத்தான் குவியலிலிருந்து எழப் பார்த்தார்.

"இருக்கு!" பட்டாசு இவ்வளவு நேரம் அடக்கியதை எல்லாம் சேர்த்துக் கத்தினாள். "அக்கா பெட்டியில, அடியில! காப்பாத்திட்டோம்!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. வாசலில் நின்ற தபால் அக்கா மட்டும் ஆர்ப்பரிக்கவில்லை. திரும்பித் தன் மேஜைக்குப் போனாள். கடிதத்தைத் திறந்து, முழுக்கப் படித்து, கலர் எண்களை ஒவ்வொன்றாகச் சரிபார்த்து, சம்மதம் என்று பதில் போட்டாள். மணி ஒன்று ஐம்பது. பிறகு மேஜை டிராயரிலிருந்த தன் சாமான்களை அதே பையில் எடுத்து வைக்கத் தொடங்கினாள்.

முதலாளி ஓடிவந்தார். "என்னம்மா பண்றே? அதான் எல்லாம் தெரிஞ்சு போச்சே. சாயங்காலம் போகச் சொன்னதெல்லாம் இல்லைன்னு வெச்சுக்கோ."

"நீங்க சொல்லித்தான் போறேன்னு நினைச்சீங்களா?" என்றாள் அவள். "பதினொண்ணரைக்கே ராஜினாமா எழுதி உங்க பெட்டிக்கு அனுப்பிட்டேன். நீங்க படிச்சுட்டும் ஒரு வார்த்தை கேக்கலை. சரி, வேண்டாம்னுதான் இருக்காருன்னு புரிஞ்சுக்கிட்டேன்."

"எனக்கா? எனக்கு ஒண்ணும் வரவே இல்லையே!"

பட்டாசும் அண்ணியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பதினொன்றரை. அணைத்துப் போட்டதற்கும் பன்னிரண்டுக்கும் நடுவே. பட்டாசு முதலாளியின் கம்ப்யூட்டரில் அவர் பெட்டியைத் திறந்து, அடிமட்டத்துக்கு இறங்கினாள். ஜனவரி ஒன்று. தபால் அக்கா கம்பெனியில் சேர்ந்தே ஒன்பது வருஷம்தான். அவள் சேர்வதற்கு மூன்று வருஷம் முன்னால், அவளுடைய ராஜினாமா.

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'ஒன்பது வருஷமாக இந்தக் கம்பெனிக்கு வந்த கடிதங்களை அன்றன்றைக்கே பிரித்து அன்றன்றைக்கே பதில் போட்டிருக்கிறேன். இன்று என் பையைப் பிரித்துப் பார்த்தீர்கள். இனி இங்கே பிரிப்பதற்கு எனக்கு எதுவும் இல்லை.' அவ்வளவுதான். கீழே பெயர்.

இரண்டாம் முறையும் படித்தார். எழுந்து கூடத்துக்கு வந்தார். மெஷினை ஓட்டக் கை வைத்தவரிடம் "நிறுத்துங்க" என்றார். முப்பத்தோரு பேரும் திரும்பினார்கள். மச்சினனும் நின்றான்.

"காலையில உங்க எல்லார் முன்னாடியும் இந்தம்மா பையைச் சோதிச்சேன்" என்றார் முதலாளி. "சோதிக்க வேண்டியது என் கையை. மூணு கடிதத்தையும் போக்கடிச்சது நான்தான். தப்பு என்னுது." தபால் அக்கா பக்கம் திரும்பினார். "மன்னிச்சுக்கோம்மா. இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியலை."

பட்டாசுக்குக் கண் கரித்தது. பழைய ஆபீசின் மேனேஜர் முகம் ஒருகணம் வந்து போனது. அவர் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் வந்திருந்தால் அவள் என்ன பண்ணியிருப்பாள் என்று யோசித்தாள். தெரியவில்லை.

தபால் அக்கா பையைக் கீழே வைத்தாள். பிறகு கையை நீட்டினாள். "சர்வர் ரூம் சாவி."

முதலாளி சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். மச்சினனும் தன் சாவியை எடுத்து நீட்டினான். ஷூவுக்குள் விரல்களைச் சுருட்டிக்கொண்டு, "மத்தியானத்துல மட்டும் ஒரு அஞ்சு நிமிஷம்..." என்று இழுத்தான். அவள் இரண்டு சாவிகளையும் முந்தானையில் முடிந்துகொண்டு முதலாளியின் கம்ப்யூட்டர் முன்னால் போய் உட்கார்ந்தாள். திரையில் அவளுடைய ராஜினாமா அப்படியே இருந்தது.

"இதை எப்படிம்மா அழிக்கறது?" என்று பட்டாசைக் கேட்டாள்.

"உங்களுக்குத் தெரியாதாக்கா? ஒன்பது வருஷமா மெயில் பார்க்கறீங்களே?"

"இங்க வந்த ஒரு கடிதத்தையும் நான் அழிச்சதில்லை" என்றாள் தபால் அக்கா. "இதுதான் முதல்."

பட்டாசு ஒரு பொத்தானைக் காட்டினாள். அக்கா அதை அழுத்தினாள்.